இரண்டு வயதுக் குழந்தைக்குத் தமிழ் விளையாட்டுக் குழு: மாதம் நூறு வெள்ளிக்குள் முடியுமா?

பொங்கோல்_தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இரண்டு வயது மூன்று மாதம் ஆகிறது. நானும் என் கணவரும் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பள்ளியில் தமிழ் படித்தோம் என்றாலும், வீட்டில் எங்கள் வாயில் முதலில் வருவது ஆங்கிலம்தான். மகள் செல்லும் பாலர் பள்ளியில் இரண்டாம் மொழியாகச் சீனம் மட்டுமே உண்டு. அவள் வகுப்பில் தமிழ்ப் பிள்ளை அவள் ஒருத்திதான் என்பதால் தமிழாசிரியரை நியமிக்க இயலவில்லை என்று நிர்வாகத்தினர் பணிவாகவே சொல்லிவிட்டார்கள். சென்ற வாரம் குளிப்பாட்டும்போது வாளியைக் காட்டி ‘ஷுவெய்’ என்றாள். மாமியார் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சீனம் கற்பதில் எனக்கு வருத்தமில்லை, தண்ணீர் என்ற சொல் அவளிடம் இல்லையே என்பதுதான் வருத்தம்.

கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் அனைத்திலும் மூன்று தாய்மொழிகளும் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் அங்கே சேர அவளுக்கு ஐந்து வயதாகும் ஆண்டு வர வேண்டும். தனியார் தமிழ் விளையாட்டு வகுப்பு ஒன்றை விசாரித்தேன். 45 நிமிடத்துக்கு 38 வெள்ளி, பத்து வகுப்புகளுக்கு 380 வெள்ளியை முன்கூட்டியே கட்ட வேண்டும், குழந்தைக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் போகாவிட்டால் அந்தப் பணம் போனதுதான். அரசாங்கம் பிள்ளைக்காகப் பணம் போடும் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கிலிருக்கும் பணத்தைப் பாலர் பள்ளிக் கட்டணத்துக்கும் மருந்தகத்துக்கும் செலவழிக்க முடிகிறதே ஒழிய இந்த மாதிரி வகுப்புக்குக் கொடுக்க முடிவதில்லை. குழந்தைப் பராமரிப்புக் கட்டணம் போக மாதம் நூறு வெள்ளிதான் ஒதுக்க முடியும். இதற்குள் ஏதேனும் வழி இருக்கிறதா?

ஜூரோங்_தந்தை எழுதியது:

சகோதரி, அந்த 380 வெள்ளியைக் கட்டாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தை ஒரு நாளில் ஏறத்தாழ 12 மணி நேரம் விழித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 84 மணி நேரம் ஆகிறது. அதில் 45 நிமிடம் என்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஒரு பங்குக்கு மாதம் 150 வெள்ளிக்கு மேல் கொடுத்துவிட்டு, மீதி நேரமெல்லாம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பதால் என்ன பயன்?

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கீழ்த்தளத்தில் பாய் விரித்து உட்காருகிறோம். இரண்டு ஆண்டுகளாக நடக்கிறது. ஒரு பாய், இரண்டு பந்து, வீட்டிலிருந்து கொண்டுவரும் கரண்டியும் கிண்ணமும், நூலகத்திலிருந்து எடுத்த தமிழ்ப் படக்கதைகள்: இவ்வளவுதான் எங்கள் சொத்து. நூலக அட்டை ஒன்றுக்கு 16 நூல்கள் வரை எடுக்கலாம் என்பதால், ஐந்து குடும்பங்களிடமும் எப்போதும் ஒரு மூட்டைப் புத்தகம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரே விதி, அந்த ஒன்றரை மணி நேரத்தில் பெரியவர்கள் தமிழில் மட்டுமே பேச வேண்டும். பிள்ளைகளுக்கு எந்த விதியும் இல்லை.

இது வெறும் அனுபவம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரீஷியா கூல் குழுவினர் 2003ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுவோர் நேரில் அமர்ந்து 12 முறை விளையாடினார்கள். அக்குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே விளையாட்டைக் காணொளியில் பார்த்த குழந்தைகள் கற்றுக்கொள்ளவில்லை. தேவைப்படுவது எதிரே உட்காரும் ஆள். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

இரவுப்பணி_தாய் எழுதியது:

இந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. நான் மருத்துவமனைத் தாதி, செங்காங்கில் வசிக்கிறேன். எங்கள் வட்டாரத்திலும் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து இதே போன்ற குழுவொன்றைத் தொடங்கினோம். நான்காவது மாதத்தில் இரண்டு குடும்பங்கள் எஞ்சின. மழை, காய்ச்சல், மாமியார் வீட்டு விசேஷம் என்று ஒவ்வொரு வாரமும் ஒரு காரணம் இருந்தது. கடைசி வரை பாயைத் துவைத்தவரும், வாட்ஸ்ஆப்பில் நினைவூட்டியவரும், நூலகத்துக்கு ஓடியவரும் ஒரே பெண். அவர் களைத்துப்போய் நிறுத்திய அன்று குழுவும் நின்றது. இலவசம் என்று சொல்லும்போது யாருடைய உழைப்பு இலவசம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஐயா.

நீங்கள் காட்டிய ஆய்வை நானும் படித்திருக்கிறேன். அது அளந்தது ஒலிகளைப் பிரித்தறியும் திறனைத்தான். அந்தக் குழந்தைகள் மாண்டரின் பேசினார்கள் என்று அதில் இல்லை. அங்கே நேரில் அமர்ந்தவர்கள் அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவர்கள். என் தமிழோ, ‘அதை எடு, இங்கே வா, சாப்பிடு’ என்ற மூன்று கட்டளைகளோடு முடிந்துவிடுகிறது. என்னைப் போன்ற ஐந்து பேர் கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் அந்த மூன்று கட்டளைகளையே ஐந்து குரலில் பிள்ளைகள் கேட்பார்கள்.

நான் இப்போது வகுப்புக்கு 32 வெள்ளி கொடுக்கிறேன். அதிகம்தான். ஆனால் பணம் கட்டியிருப்பதால் இரவுப்பணி முடித்த கண்ணோடும் எழுந்து போகிறேன். அது எங்களுக்குத் தேவையான கட்டாயம். இலவசமாக இருந்தால் தூங்கியிருப்பேன்.

ஜூரோங்_தந்தை எழுதியது:

பாயைத் துவைத்த பெண்ணைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பில்லை. எங்கள் குழுவிலும் முதல் ஆறு மாதம் என் மனைவிதான் துவைத்தார் என்பதை இங்கே எழுதாமல் விட்டது என் தவறு. பிறகுதான் சுற்றுமுறைப் பட்டியல் போட்டோம்.

ஆனால் மூன்று கட்டளைகளோடு நிற்கும் தமிழ் குழுவுக்குப் போதாது என்பதை ஏற்க மாட்டேன். எங்கள் குழுவில் ஒரு தந்தை தொடக்கத்தில் வாயே திறக்க மாட்டார். பந்தை உருட்டி ‘போகுது, போகுது, போயிடுச்சு’ என்று மட்டும் சொல்வார். நான்கு வாரம் கழித்துப் பந்து பாய்க்கு வெளியே உருண்டபோது பிள்ளைகள் மூவரும் ஒரே குரலில் ‘போயிடுச்சு’ என்றார்கள். வகுப்புக் கட்டணத்தில் இதைவிட அதிகமாக என்ன வாங்குகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை.

தோபாயோ_தாத்தா எழுதியது:

குழு, வகுப்பு இரண்டையும் பற்றி இவ்வளவு வாதிடுகிறீர்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன இந்தியர்கள் 2010இல் 36.7 விழுக்காடு, 2020இல் 27.9 விழுக்காடு. ஆங்கிலம் என்று சொன்னவர்கள் அதே பத்தாண்டுகளில் 41.6 விழுக்காட்டிலிருந்து 59.2 விழுக்காட்டுக்கு உயர்ந்துவிட்டார்கள். வளர்தமிழ் இயக்கம் ஏப்ரல்தோறும் தமிழ்மொழி விழா நடத்துகிறது, தமிழ் முரசு நாளிதழ் வருகிறது, வசந்தம் ஒளிவழி இருக்கிறது, தொடக்கப்பள்ளியிலிருந்து தமிழ்ப் பாடம் இருக்கிறது. இல்லாதது வீட்டுப் பேச்சு ஒன்றுதான். பெற்றோர் வீட்டில் தமிழ் பேசினால் ஒரு காசு செலவில்லை. பாட்டியும் தாத்தாவும் எதற்கு இருக்கிறோம்?

பொங்கோல்_தாய் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது சரிதான். என் நெஞ்சில் குத்துவதும் அதுவே. ஆனால் என் பெற்றோர் ஈப்போவில் இருக்கிறார்கள். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார்; தன் தங்கையோடு தொலைபேசியில் மணிக்கணக்கில் தமிழில் பேசுவார், பேத்தியைக் கண்டதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். ஏன் என்று கேட்டேன். என் கணவர் தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டில் ஆங்கிலம் புரியாமல் அழுதுகொண்டு வந்த நாள்களை அவர் மறக்கவில்லை; பேத்திக்கு அந்த நிலை வரக்கூடாது என்கிறார். முப்பது ஆண்டுப் பயத்தை ‘வீட்டில் தமிழ் பேசுங்கள்’ என்ற ஒரு வரியால் நான் எப்படிப் போக்குவது?

முன்னாள்_பாலர்_ஆசிரியை எழுதியது:

பதினான்கு ஆண்டுகள் பாலர் பள்ளியில் தமிழ் கற்பித்தவள் என்ற முறையில் இரு தரப்புக்கும் கொஞ்சம் முரணாகவே எழுதுகிறேன்.

வகுப்பை ஆதரிக்கும் சகோதரிக்கு: 38 வெள்ளி வகுப்பு எல்லாமே நல்ல வகுப்பு அல்ல. பணம் கட்டுமுன் ஒருமுறை உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அங்கே சேர்க்காதீர்கள். உட்கார்ந்து பார்க்கும்போது ஆசிரியர் என்ன பேசுகிறார் என்பதைவிட, பிள்ளை ஒன்றைக் கேட்பதற்குத் தமிழ் தேவைப்படுகிறதா என்று கவனியுங்கள். நானே என் முதல் ஆண்டில் இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் பட அட்டையைப் பிடித்துக்கொண்டு ‘இது மரம், இது என்ன?’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு பிள்ளைகளும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அலுத்துப்போய் அட்டைகளை வைத்துவிட்டு, ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்தேன். அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய் என்று விரல் விரலாக மடக்கி ஊட்டிவிட்டு, ‘நண்டூருது, நரியூருது’ என்று அக்குள் வரை விரலை ஓட்டினேன். சிரித்து முடித்த கையோடு அந்தப் பிள்ளை மறுகையை நீட்டி ‘இன்னும்’ என்றது. அந்த ஆண்டில் என் வகுப்பில் ஒரு பிள்ளை தானாகக் கேட்டுப் பேசிய முதல் தமிழ்ச் சொல் அது.

இன்னொன்றையும் பாருங்கள். சில வகுப்புகளில் இரண்டு வயதுப் பிள்ளையிடம் ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று முழு எழுத்துத் தமிழில் சொல்லச் சொல்கிறார்கள். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 2005ஆம் ஆண்டிலேயே தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கொடுக்கப் பரிந்துரைத்தது. ‘தண்ணி வேணும்’ என்று சொல்லும் பிள்ளை பின்னால் எழுத்துத் தமிழைக் கற்றுக்கொள்ளும்; பேசாத பிள்ளைக்கு எதைக் கொண்டு எழுத்தைக் கற்பிப்பது?

குழுவை ஆதரிக்கும் சகோதரருக்கு: உங்கள் குழு இரண்டு ஆண்டுகள் நிலைத்ததற்குக் காரணம் அதில் இரண்டு மூன்று பேராவது தடையின்றித் தமிழ் பேசுவதாகத்தான் இருக்கும். எல்லாக் குழுவுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே இடைவழி ஒன்றைச் சொல்கிறேன். ஆறு குடும்பங்கள் சேர்ந்து, ஓய்வுபெற்ற பாலர் ஆசிரியையோ நன்றாகப் பேசத் தெரிந்த பாட்டியையோ வாரம் ஒரு மணி நேரம் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒருமுறைக்கு 80 வெள்ளி கொடுத்தாலும், மாதத்தில் நான்கு முறைக்குக் குடும்பத்துக்கு 54 வெள்ளிக்குள் முடிந்துவிடும். பெற்றோர் உடன் இருக்க வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போகக்கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில் தாயும் தந்தையும் கற்றுக்கொள்வதுதான் மீதி ஆறு நாளுக்கும் வீட்டில் பயன்படப் போகிறது.

ஜூரோங்_தந்தை எழுதியது:

அம்மா, கணக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஒருவருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கிய மறுகணமே மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது என் அச்சம். ‘அதற்குத்தான் ஆசிரியர் இருக்கிறாரே’ என்ற நினைப்பு வந்துவிடும். மூன்றாம் மாதத்தில் பெற்றோர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கீழ்த்தளத்தில் பணம் வாங்கி வகுப்பு நடத்துவதும் நாங்கள் பாய் விரித்து உட்காருவதும் ஒன்றல்ல. நகர மன்றத்திடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது சமூக மன்றத்தில் அறை எடுங்கள். அறை வாடகையைச் சேர்த்தால் உங்கள் 54 வெள்ளி ஏறும்.

இரவுப்பணி_தாய் எழுதியது:

ஏறட்டும், 80 வெள்ளி ஆனாலும் நான் இப்போது கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. கைப்பேசியைப் பார்க்கும் பெற்றோர் இலவசக் குழுவிலும் இருந்தார்கள், ஐயா; அதற்கும் பணத்துக்கும் தொடர்பில்லை. ஆசிரியை சொன்னதில் எனக்குப் பிடித்தது பெற்றோரும் கற்றுக்கொள்வது என்பதுதான். இப்போது நான் போகும் வகுப்பில் பெற்றோரைக் கண்ணாடிக்கு வெளியே உட்கார வைக்கிறார்கள். என் மகன் உள்ளே என்ன பாடுகிறான் என்று எனக்குத் தெரியாததால் வீட்டில் அவனோடு சேர்ந்து பாடவும் முடிவதில்லை.

தோபாயோ_தாத்தா எழுதியது:

பொங்கோல் மகளே, உன் மாமியாரைப் பற்றி எழுதியதைப் படித்தேன். என் வீட்டிலும் அதே கதை நடந்தது. என் மகனோடு ஆங்கிலம் பேசச் சொன்னதே நான்தான். அதை முன்பே எழுதியிருக்க வேண்டும். அவரிடம் ‘பேத்திக்குத் தமிழ் கற்றுக்கொடுங்கள்’ என்று சொல்லாதே, பயந்துவிடுவார். குழுவுக்கு வந்து பிள்ளைகளுக்குப் பருப்புக் கடையச் சொல், செய்வார்.

பொங்கோல்_தாய் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 380 வெள்ளி வகுப்பை விட்டுவிட்டேன். 2023இல் திறந்த பொங்கோல் வட்டார நூலகத்தில் இந்த வாரம் இரண்டு தமிழ்க் குடும்பங்களைப் பேசிப் பிடித்தேன். எங்கள் புளோக்கில் ஒருவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆக நான்கு குடும்பங்கள். ஆசிரியையை அமர்த்த இன்னும் இரண்டு குடும்பங்கள் வேண்டும். அதுவரை ஜூரோங் சகோதரரின் முறைப்படி நாங்களே உட்காருகிறோம். மாமியாரிடம் பருப்புக் கடைவதைப் பற்றிக் கேட்டேன். ‘அதெல்லாம் யாருக்கு ஞாபகம்’ என்றார். இரவு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்ததைக் கதவோரத்தில் நின்று பார்த்தேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணி.

இரவுப்பணி_தாய் எழுதியது:

ஒன்பது மணிக்கு நான் இன்னும் எம்ஆர்டி ரயிலில் இருப்பேன். பத்தரைக்கு மாற்றினால் ஐந்தாவது குடும்பமாக வருகிறேன். பாயை நானே கொண்டுவருகிறேன். முதல் வாரம் துவைப்பது யார் என்பதை இங்கேயே எழுதிவிடுங்கள்.