பழைய பேஸ்மென்ட்ட வச்சுக்கிட்டு மேல புது வீடு கட்டலாமா?

கேள்வி:
பழைய வீட்ட இடிச்சிட்டு புதுசா மாடியோட கட்டப் போறோம். கீழ இருக்கற பேஸ்மென்ட் நல்லாதான் இருக்கு, ஒரு மூலைல சுவர்ல உப்பு பூத்திருக்கு, ஒரு விரிசல் இருக்கு, அவ்ளோதான். அத அப்படியே வச்சுக்கலாம், தோண்டுற செலவு மிச்சம்னு மேஸ்திரி சொல்றாரு. பழசு தரைத்தளம் மட்டும்தான், புதுசு ரெண்டு மாடி. தாங்குமா?

பதில் 1:
தரைக்கு கீழ இருக்கற ரூமா, இல்ல அஸ்திவாரத்துக்கு மேல எழுப்புற பேஸ்மட்டமா? ரெண்டையும் ஒரே பேர்ல சொல்லி குழப்புறோம்.

கேட்டவர்:
ரூம்தாங்க. 7 அடி உயரம்.

பதில் 2:
விரிசல் எப்படி போகுதுன்னு பாருங்க. சுவர் நடுவுல படுக்கையா ஓடுனா வெளி மண்ணு தள்ளுதுன்னு சந்தேகப்படணும், படிக்கட்டு மாதிரி ஏறுனா ஒரு பக்கம் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். தாங்குமாங்கறத சுவர மட்டும் பாத்து சொல்ல முடியாது. சுவர ஒட்டி ஒன்னு ரெண்டு இடத்துல குழி தோண்டி ஃபுட்டிங் (சுவருக்கு அடில அகலமா இருக்கற அஸ்திவாரப் பகுதி) எவ்ளோ அகலம், கீழ என்ன மண்ணுன்னு பாக்கணும், கான்கிரீட்னா கோர் (உருளையா துளைச்சு எடுக்கற துண்டு) எடுத்து டெஸ்ட் பண்ணணும், உடைச்ச இடத்துல பினாப்தலீன்னு ஒரு கெமிக்கல் அடிச்சா ரோஸ் கலர் வரணும், வரலன்னா அந்த ஆழம் வரைக்கும் கார்பனேஷன் ஆயிடுச்சு, அதாவது காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு பட்டு கான்கிரீட்டோட காரத்தன்மை போயிடுச்சு, உள்ள கம்பி இருந்தா துரு பிடிக்க வழி ஆயிடும். அப்புறம் புது சுவர் பழைய சுவர் மேலயே உக்காருற மாதிரி பிளான் போடுங்க, இல்லன்னா நடுவுல பீம் குடுக்கணும், மிச்சம் பண்ண காசு அதுலயே போயிடும்.

பதில் 3:
இடிக்கும்போதுதாங்க பெரிய ஆபத்து, அத யாரும் சொல்றதில்ல. மண்ண தாங்கி நிக்கிற அந்த சுவருக்கு மேல இருக்கற ஸ்லாப்தான் முட்டு. நாங்க விவரம் தெரியாம ஸ்லாப்ப முழுசா உடைச்சு எடுத்துட்டோம், ரெண்டு நாள் மழை, ஓரத்துல வேற இடிச்ச கல்லக் குவிச்சு வச்சிருந்தோம், நீளமான சுவர் உள்பக்கமா வயிறு தள்ளிடுச்சு. கடைசில அந்த சுவர இடிச்சுட்டு புதுசா கட்டுனோம். ஸ்லாப்ப எடுக்கறதுக்கு முன்னாடியே முட்டு குடுத்துடுங்க. உப்பு பூத்திருக்குன்னா ஈரம் உள்ள வருதுன்னு அர்த்தம், வெளிப்பக்கம் தோண்டி வாட்டர்ப்ரூஃபிங் பண்ண இதுதான் சமயம், வீடு கட்டுன பிறகு சுத்தி தோண்டுறது நரகம்.

கேட்டவர்:
விரிசல் படுக்கையாதான் ஓடுது. மேஸ்திரிகிட்ட முட்டு பத்தி கேட்டேன், "அதெல்லாம் எதுக்கு"ன்னாரு. இடிக்கற வேலைய நிறுத்தி வச்சிட்டு ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர் ஒருத்தர தேடிட்டு இருக்கேன்.