அரசன் தொகை: ‘சொம்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் தமிழ்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

மூன்று நாளாக இந்த இழையைப் படித்து வருகிறேன். இடைக்காலப் பிரெஞ்சு அறநூல், ஞானோபதேசச் சுவடிகளுக்கான சொற்பட்டியலில் ‘மிருவார்’ வகைக்குக் ‘கண்ணாடி’ என்று முடிவாகிவிட்டது. அது சரி, அதைப் பற்றி இனிப் பேச வேண்டியதில்லை. ‘லா சொம் லெ ருவா’ என்ற அறநூலின் பெயரில் வரும் ‘சொம்’ மட்டும் தொங்கி நிற்கிறது. என் கருத்தைச் சற்று விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

> ‘லா சொம் லெ ருவா’ என்பதை ‘அரசச் சுருக்கம்’ என்று எழுதலாமே. சொம் என்றால் சாரம்தானே?

ஐயா, இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சுருக்கம் என்றதும் பெரிய நூல் ஒன்று முன்பே இருந்தது, அதை யாரோ குறுக்கித் தந்தார் என்றுதான் வாசகர் நினைப்பார். சொம் என்பதன் வேர் இலத்தீன் ‘சும்மா’. அதன் முதற்பொருள் உச்சி. உரோமர்கள் எண்களைக் கீழிருந்து மேலாகக் கூட்டி, விடையை உச்சியில் எழுதினார்கள். அப்படித்தான் அந்தச் சொல் கூட்டி வந்த மொத்தத்துக்கும் ஆயிற்று. ஒரு துறையில் அறிய வேண்டியது அத்தனையையும் ஒழுங்காக அடுக்கிவைத்த நூலுக்கு அந்தப் பெயர் வந்தது அதற்குப் பிறகு. தாமஸ் அக்குவினாஸ் எழுதிய இறையியல் சும்மாவில் 500-க்கும் மேற்பட்ட வினாக்கள் உண்டு. அதைக் கையில் எடுத்துப் பார்த்த எவரும் சுருக்கம் என்று சொல்லமாட்டார்.

> அப்படியானால் ‘சும்மா’ என்றே ஒலிபெயர்த்துவிடலாம்.

முடியாது, அக்கா. தமிழில் ‘சும்மா’வுக்கு ஏற்கெனவே ஒரு வாழ்க்கை இருக்கிறது. ‘இறையியல் சும்மா’ என்று மேலே நானே எழுதிப் பார்த்தேன், வாய்விட்டுப் படித்தால் நிற்கவில்லை.

நான் முன்வைக்கும் சொல் தொகை.

முதல் காரணம் எளியது. கூட்டி வந்த எண்ணும் தொகைதான், தொகுத்த நூலும் தொகைதான். இலத்தீனும் பிரெஞ்சும் ஒரே சொல்லுக்குள் வைத்த இரண்டு பொருளையும் தமிழும் ஒரே சொல்லுக்குள் வைத்திருக்கிறது. இப்படி அமைவது அரிது. அமைந்த பிறகு வேறு சொல் தேடி அலைவானேன்?

எட்டுத்தொகையைக் காட்டி, தொகை என்றால் பல புலவர் பாட்டைச் சேர்த்தது, ஒருவர் எழுதியதற்குப் பொருந்தாது என்று ஒரு மறுப்பு வந்திருந்தது. சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையை நினைத்துப் பாருங்கள். பாடியவர் ஒருவர், பதிகம் ஒன்று. அடியார்களை எண்ணி வரிசைப்படுத்தியதால் அது தொகை. பின்னால் நம்பியாண்டார் நம்பி அதை வகையாக்கினார், சேக்கிழார் விரித்தார். இன்னொரு சான்று கிறித்துவப் பக்கத்திலிருந்தே கிடைக்கிறது. வீரமாமுனிவர் 1732-இல் முடித்த சதுரகராதியை பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்தார். அதில் தொகை என்ற பகுதி இத்தனை என்று எண்ணிச் சொல்லப்படுபவற்றுக்கு உரியது.

இனி அந்தப் பிரெஞ்சு நூலின் உள்ளே போவோம். எண்ணிக்கைதான் அதன் எலும்புக்கூடு. பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணத்தின் பன்னிரண்டு பிரிவுகள், தலையான பாவங்கள் ஏழு, பரலோக மந்திரத்தின் ஏழு மன்றாட்டுகள், பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகள், புண்ணியங்கள் ஏழு. திருவெளிப்பாட்டில் கடலிலிருந்து ஏறிவரும் விலங்கைக்கூட நூலாசிரியர் எண்ணாமல் விடவில்லை. ஏழு தலையும் ஏழு பாவம், பத்துக் கொம்பும் பத்துக் கட்டளையை மீறுவது.

ஏன் இப்படி எண்ண வேண்டும்? 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், விவரம் தெரிந்த வயதுக்கு வந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. எதை அறிக்கையிடுவது, எந்தப் பாவம் எதன் கிளை என்று இலத்தீன் அறியாத இல்லறத்தாருக்குத் தெரிந்தாக வேண்டும். விரல்விட்டு எண்ணினால்தான் மனத்தில் நிற்கும். இந்த நூலும் அந்தத் தேவையில் பிறந்ததே. பிரான்சின் மூன்றாம் பிலிப் மன்னனின் ஆன்ம குருவாக இருந்த, போதகர் சபை என்னும் தொமினிக்கன் சபைத் துறவி லொரான், மன்னன் கேட்டுக்கொண்டபடி இதைப் பிரெஞ்சில் ஆக்கினார். ‘1279-ஆம் ஆண்டில், பிலிப் மன்னரின் வேண்டுகோளால், போதகர் சபைச் சகோதரர் ஒருவர் இந்நூலைத் தொகுத்து முடித்தார்’ என்ற பொருளில் சுவடிகளின் இறுதிக் குறிப்பு அமைகிறது. அங்கே வரும் வினைச்சொல் ‘கொம்ப்பிலா’. தொகுத்தார் என்பதைத் தவிர அதற்கு வேறு தமிழ் எனக்குத் தோன்றவில்லை. நூலாசிரியரே தொகுத்ததாகக் குறிக்கப்பட்டிருக்க, அந்த நூலுக்குத் தொகை என்று பேர் வைப்பதில் என்ன தடை?

ஒரு பக்கத்தைக் கண்ணால் பார்த்தால் இன்னும் தெளிவாகும். பிரிட்டிஷ் நூலகத்தில் இந்நூலின் படி ஒன்று உள்ளது. அதன் ஓவியங்கள் 1295 அளவில் பாரிசில் ஒனொரே என்ற ஓவியர் தீட்டியவை என்று கருதப்படுகிறது. அதில் ஒரு தோட்டம். மரங்களும் அவற்றுக்கு நீர் வார்க்கும் கன்னியரும். நூலின் உரையோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் பொருள் திறக்கிறது. ஏழு மரமும் ஏழு புண்ணியம். ஏழு ஊற்றும் ஆவியின் ஏழு கொடை. நீர் மொள்ளும் ஏழு பெண்களும் பரலோக மந்திரத்தின் ஏழு மன்றாட்டு. செபத்தால் கொடையை மொண்டு புண்ணியத்துக்கு ஊற்ற வேண்டும் என்பதே சேதி. எழுத்தறியாதவரும் மரத்தை எண்ணி, பெண்ணை எண்ணி, பாடம் படித்துவிடலாம். எனக்கு இந்தப் பக்கத்தின் மேல் தீராத அன்பு. மூவேழு இருபத்தொன்றையும் ஒரே படத்தில் சேர்த்துக் காட்டும் இதைச் சுருக்கம் என்று எப்படி அழைப்பேன்?

மேலே சுருக்கம் என்று எழுதிய ஐயாவுக்கு ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். ‘உலகக் கண்ணாடி’ என்ற முந்தைய பிரெஞ்சு நூலிலிருந்து லொரான் நிறையவே எடுத்தாண்டிருக்கிறார். தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளை ‘தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ என்று சொல்லும்போது, விரிந்து கிடப்பதைத் தொகுத்துரைப்பதுதான் அங்கே முதல் வகை. ஆகவே நீங்கள் விரும்பும் சுருக்கமும் தொகைக்குள் அடங்கியே இருக்கிறது. சுருக்கத்துக்குள்தான் தொகை அடங்காது.

இனி ‘லெ ருவா’. இதில்தான் எனக்கு மகிழ்ச்சி அதிகம். இன்றைய பிரெஞ்சில் ‘அரசனுடைய’ என்று சொல்ல ஒரு இடைச்சொல் வந்தே தீர வேண்டும். பழம்பிரெஞ்சில் மன்னன், இறைவன் போன்ற ஆட்பெயர்கள் உடைமைப் பொருளில் வரும்போது அந்த இடைச்சொல் இல்லாமலே நிற்கும். பெயரோடு பெயர் ஒட்டும், உருபு மறைந்திருக்கும். பிரான்சின் பழைய மருத்துவமனைகளுக்கு வழங்கும் ‘ஒத்தெல்-தியூ’ என்ற பெயரில் இந்த வழக்கு இன்றும் பிழைத்திருக்கிறது. இறைவன் இல்லம் என்று பொருள். நம் இலக்கணத்தில் இதற்கு என்ன பெயர்? ஆறாம் வேற்றுமைத் தொகை! ‘லா சொம் லெ ருவா’ என்பதை ‘அரசன் தொகை’ என்று எழுதினால் சொல்லும் பொருந்துகிறது, உருபு தொக்கு நிற்பதும் பொருந்துகிறது. சொல் வரிசையை மட்டும் தமிழுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்கிறோம். ‘அரசனின் தொகை’ என்று உருபை விரித்து எழுத வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

> தொகை என்றால் இன்று பணம். ‘அரசன் தொகை’ மன்னர் மானியம் போல ஒலிக்காதா?

நியாயமான அச்சம். வெறும் தலைப்பாக நின்றால் ஒலிக்கலாம். பட்டியலில் ‘அரசன் தொகை, அறநூல்’ என்று வகையைச் சேர்த்தே அச்சிட்டால் குழப்பம் தீரும். கலித்தொகை, குறுந்தொகை என்று பள்ளியில் படித்த காதுதானே நம்முடையது.

தவறு செய்தபின் மனச்சாட்சி படும் வேதனையைக் குறிக்கும் ‘ரெமொர்’ என்ற சொல்லுக்கு ‘மறுகடி’ என்று ஒரு பரிந்துரை இருந்தது. அதற்கும் இந்த நூலே பதில் வைத்திருக்கிறது. காண்டர்பரி துறவி மைக்கேல் இதே தொகையை 1340-இல் கென்ட் வட்டார ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். தந்தை, தாய், சுற்றத்தார் போன்ற எளியவருக்காக எழுதியதாக அவரே குறிக்கிறார். தலைப்பில் மனச்சாட்சிக்கு ‘உள்ளறிவு’ என்றும், அதன் வேதனைக்கு ‘மறுகடி’ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களை வைத்தார். இரண்டுமே பேச்சில் நிலைக்கவில்லை. பிரெஞ்சு வழி வந்த சொற்களே வென்றன. அவருடைய உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நமக்குக் கையிலேயே ‘உறுத்தல்’ இருக்கிறது. கண்ணில் விழுந்த தூசி போல மனத்தை உறுத்துவது. புதிதாக ஆக்க வேண்டாம்.

பதிவுக்கு நான் எழுதி வைத்திருப்பது இது:

தொகை: ஒரு துறையில் அறியத்தக்கவை அனைத்தையும் எண்ணி வகுத்து ஒழுங்குபடுத்திய இடைக்கால நூல். அரசன் தொகை: துறவி லொரான், 1279, பிரெஞ்சு உரைநடை. பாவ புண்ணிய நூல் என்ற பொருளிலும் சுவடிகளில் பெயர் காணப்படும்.

மறுப்பு இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள். திங்கள் காலை பட்டியலை அச்சுக்கு அனுப்ப வேண்டும்.