பேட்மிண்டன் ஆட எந்தக் கண்ணாடி?

கேள்வி: எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் 4.5. வாரம் மூன்று நாள் இரட்டையர் ஆடுகிறேன். போன மாதம் வலையருகே நின்றபோது ஷட்டில் நேராகக் கண்ணாடியில் அடித்தது. ஃப்ரேம் உடைந்து மூக்கைக் கிழித்துவிட்டது, கண் தப்பியது. இப்போது முன்னால் நிற்கவே பயமாக இருக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் போட்டால் போதுமா?

பதில் 1: போதாது. அது பார்வையைத் தரும், அடியைத் தடுக்காது. ஷட்டிலின் தக்கை குறுக்களவில் 25 முதல் 28 மில்லிமீட்டர்தான். கண்குழிக்குள் அப்படியே புகுந்துவிடும். உங்கள் பவரிலேயே பாலிகார்பனேட் (எளிதில் உடையாத பிளாஸ்டிக்) லென்ஸ் போட்ட விளையாட்டுக் கண்ணாடி வாங்குங்கள். லென்ஸ் இல்லாத வெறும் ஃப்ரேம் வேண்டவே வேண்டாம்.

பதில் 2: ஃப்ரேமையும் பாருங்கள். அடிபட்டால் லென்ஸ் உள்பக்கம் கழன்று வரக்கூடாது. விளையாட்டுக் கண் பாதுகாப்புக்கான தரக்குறி, அதாவது ஏஎஸ்டிஎம் எஃப்803 அல்லது எஃப்3164, இருந்தால் நல்லது. தலைக்குப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் பட்டை அவசியம்.

கேள்வி கேட்டவர்: சரி, வியர்வையில் ஆவி படியுமே?

பதில் 2: படியும். பக்கவாட்டில் காற்றுத் துளையும் ஆவி படியாத பூச்சும் இருப்பதாக எடுங்கள். அப்புறம், சட்டைத் துணியால் துடைக்காதீர்கள். பாலிகார்பனேட்டில் சீக்கிரம் கீறல் விழும்.