மறு: ‘மியூச்சுவல் ரெகக்னிஷன்’ – ‘பரஸ்பர அங்கீகாரம்’ போதுமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

> ‘பரஸ்பர அங்கீகாரம்’ என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் பழகிய சொல், புதிதாக எதற்கு இன்னொன்று?

பழகிய சொல் என்பதில் சண்டையில்லை. இரண்டு நாடுகள் ஒன்றின் பட்டத்தை மற்றொன்று ஒத்துக்கொள்வதைப் பற்றி எழுதினால் நானும் அதையேதான் போடுவேன். ஆனால் நாம் தமிழாக்கும் இந்தச் சொற்பட்டியல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச்சந்தைச் சட்டத்துக்கானது, அதாவது உறுப்பு நாடுகளுக்கிடையே பொருள்கள் தடையின்றிப் போய்வருவதற்கான சட்டத்துக்கானது. அங்கே இந்தத் தொடர் குறிக்கும் செயலில் அங்கீகாரமும் இல்லை, பரஸ்பரமும் இல்லை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அங்கீகாரம். இந்தக் கோட்பாடு 1979 பிப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த ‘காசிஸ் த திஜோன்’ தீர்ப்பில் பிறந்தது. காசிஸ் என்பது பிரான்சில் பிளாக்கரண்ட் பழத்தில் செய்யும் இனிப்பு மது. அதில் ஆல்கஹால் 15 முதல் 20 சதவீதம்தான். ஜெர்மன் சட்டமோ இந்த வகைப் பழ மதுவில் குறைந்தது 25 சதவீதமாவது இருக்க வேண்டும் என்றது. ரெவே என்ற ஜெர்மன் வணிக நிறுவனம் இறக்குமதிக்குக் கேட்டபோது, அரசின் மது நிர்வாகம் ‘கொண்டுவரலாம், ஆனால் இங்கே விற்க முடியாது’ என்றது. நீதிமன்றத்தில் ஜெர்மனி வைத்த சுகாதார வாதம் இன்று படித்தாலும் சிரிப்பு வரும்: ஆல்கஹால் குறைந்த மது மக்களை எளிதில் குடிக்குப் பழக்கிவிடும், ஆகவே ஆல்கஹால் கூடுதலாக இருப்பதே உடல்நலத்துக்கு நல்லது! சந்தையில் ஏற்கெனவே லேசான மதுவகைகள் ஏராளம், கடுமையானவற்றையும் மக்கள் தண்ணீர் கலந்துதான் குடிக்கிறார்கள் என்று சொல்லி நீதிபதிகள் அதைத் தள்ளிவிட்டார்கள்.

தீர்ப்பின் சாரம் இதுதான். ஓர் உறுப்பு நாட்டில் சட்டப்படி தயாரித்து விற்கப்படும் பொருளை, மக்கள் நலம், நுகர்வோர் பாதுகாப்பு போன்ற வலுவான காரணம் இல்லாமல் இன்னொரு உறுப்பு நாடு தடுக்கக் கூடாது. இதில் யாரும் யாருக்கும் எதையும் அங்கீகரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விண்ணப்பம் இல்லை, கோப்பு இல்லை, முத்திரை இல்லை. பொருள் தானாக உள்ளே வருகிறது. தடுக்க நினைக்கும் அரசுதான் காரணம் காட்ட வேண்டும். ‘அங்கீகாரம்’ என்றதும் நம் மனதில் எழுவது அலுவலக வாசலில் காத்திருக்கும் படம். தீர்ப்பு ஒழிக்க நினைத்ததே அந்தக் காத்திருப்பைத்தான்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. சோதனைக்கூடங்களுக்கும் சான்றளிக்கும் அமைப்புகளுக்கும் தகுதி உண்டு என்று உறுதிசெய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘அக்ரெடிட்டேஷன்’ என்று பெயர். அதற்கென்று ஒவ்வொரு உறுப்பு நாட்டிலும் ஒரே ஒரு தேசிய அமைப்பு என்பது 2008-இல் வந்த ஒழுங்குவிதியின் ஏற்பாடு. அங்கீகாரம் என்ற சொல் நியாயமாகச் சேர வேண்டிய இடம் அது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ஒரே பத்தியில் முட்டிக்கொள்ளும்.

அப்புறம் பரஸ்பரம். நீ என் பொருளை விட்டால் நான் உன் பொருளை விடுகிறேன் என்ற கொடுக்கல் வாங்கல்தான் பரஸ்பரம். பொதுச்சந்தையில் அந்த வாதம் செல்லாது என்று 1964-இலேயே முடிவாகிவிட்டது. பால்பொருள் இறக்குமதிக்குத் தனிக் கட்டணம் விதித்ததற்காக பெல்ஜியமும் லக்சம்பர்க்கும் வழக்கில் சிக்கின. ‘ஐரோப்பியச் சமூகம் (இன்றைய ஒன்றியத்தின் முன்னோடி) தன் கடமையைச் செய்யவில்லை, ஆகவே நாங்களும் செய்யவில்லை’ என்பது அவர்களின் வாதம். ஒருவர் கடமை தவறியதைக் காட்டி மற்றவர் தன் கடமையை நிறுத்திவைக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரான்ஸ் என் பீரைத் தடுக்கிறது, நான் அதன் மதுவைத் தடுக்கிறேன் என்று ஜெர்மனி கிளம்ப முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் கடமை தனித்தனி. எல்லாரும் அதைச் செய்வதால் பார்ப்பதற்குப் பரஸ்பரம் போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஆகவே என் முன்மொழிவு: அயல்விதி ஏற்பு. என் நாட்டு விதிக்குப் பதிலாக, பொருள் பிறந்த நாட்டின் விதியைப் போதுமென்று ஏற்பது. ‘அயல்’ என்றால் அந்நியம் ஆகிவிடாதா என்று யாராவது கேட்கக்கூடும். அயலார், அயல்வீடு என்றும்தானே சொல்கிறோம்? பக்கத்தில் இருப்பவர், ஆனால் வேறு வீடு. ஒன்றியத்து நாடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான அடைமொழி எனக்குத் தோன்றவில்லை. முன்பு ஓர் அம்மா முன்வைத்த ‘நிகரேற்பு’ ஓசையில் அழகு, எனக்கும் ஆசைதான். ஆனால் நிகர எடை, நிகர லாபம் புழங்கும் வணிக உலகில் அது தவறாகப் படிக்கப்படும். ‘இணையேற்பு’ இன்னும் மோசம். பாதிப் பேர் அதை இணையதளத்தில் ஏற்பது என்று நினைப்பார்கள்.

பரஸ்பரத்துக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. ஒன்றியமும் அமெரிக்காவும் 1998-இல் செய்துகொண்டது போன்ற ஒப்பந்தங்கள் உண்மையிலேயே கொடுக்கல் வாங்கல்தான். அவற்றில் ஒரு தரப்பு மற்றதன் விதியை ஏற்பதில்லை. தன் விதிப்படி மற்ற தரப்பின் அமைப்புகள் செய்த சோதனையை ஏற்கிறது, அவ்வளவுதான். அதற்குப் ‘பரஸ்பர ஏற்பு ஒப்பந்தம்’ கச்சிதம். ஆங்கிலம் ஒரே சொல்லால் இரண்டையும் ஒப்பேற்றுகிறது என்பதற்காக நாமும் குழப்பிக்கொள்ள வேண்டுமா?

> ஹார்மனைசேஷனுக்கு ‘ஒத்திசைவு’?

மென்பொருள்காரர்கள் அதை ‘சிங்க்’குக்கு (கருவிகளுக்கிடையே தரவை ஒன்றுபடுத்துவதற்கு) எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இசைவாக்கம் என்றாலும் பூசி மெழுகியது போல இருக்கிறது. நடப்பது என்ன? அவரவர் விதியை எடுத்துவிட்டு எல்லாருக்கும் ஒரே விதி போடுகிறார்கள். ‘பொதுவிதியாக்கம்’ என்று நேரடியாகவே சொல்லலாம்.

அயல்விதி ஏற்பு, பொதுவிதியாக்கம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுகாதார வழக்குகள் புரிய ஆரம்பிக்கும். பொதுவிதி இல்லாத இடத்தில் உடல்நலம் ஒரு நாட்டின் கேடயம். 1987-இல் ஜெர்மனியின் பீர் வழக்கில், பீரில் கலக்கும் சேர்பொருள்களால் வரக்கூடிய ஆபத்து பற்றி அறிவியல் தெளிவு இல்லாதபோது, எந்த அளவு பாதுகாப்பு வேண்டும் என்று நாடே முடிவெடுக்கலாம் என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் எல்லாச் சேர்பொருள்களையும் ஒட்டுமொத்தமாகத் தடுத்தது அளவுமீறியது என்று ஜெர்மனி தோற்றது. பொதுவிதி வந்துவிட்டாலோ அந்தக் கேடயத்தையே கீழே வைக்க வேண்டியதுதான். பைத்திய மாட்டு நோயால் 1996-இல் பிரிட்டிஷ் மாட்டிறைச்சி ஏற்றுமதிக்கு ஒன்றியம் தடை போட்டது; 1999 ஆகஸ்டில் நிபந்தனைகளோடு திறந்துவிட்டது. தன் உணவுப் பாதுகாப்பு அமைப்பு சந்தேகம் தெரிவித்ததைக் காட்டி பிரான்ஸ் மறுத்தது. 2001 டிசம்பரில் தீர்ப்பு பிரான்சுக்கு எதிராக வந்தது. பிரான்சின் கவலை பொய் என்று நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல வேண்டிய இடம் பொதுவிதியை எழுதும் மேசை என்பதுதான் சட்டத்தின் நிலை.

> ஸ்டாண்டர்டு = தரவிதி?

கூடவே கூடாது. தயவுசெய்து இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 1985-இல் ஒன்றியம் ‘புதிய அணுகுமுறை’யை ஏற்றபோது செய்த வேலையே விதியையும் தரநிலையையும் பிரித்ததுதான். அதற்கு முன் ஒவ்வொரு பொருளுக்கும் நுணுக்கமான தொழில்நுட்ப விவரங்களைச் சட்டத்திலேயே எழுதப் பார்த்து, அதற்கும் எல்லா நாடுகளின் ஒருமனதான சம்மதம் வேண்டியிருந்ததால், வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தார்கள். புதிய முறையில் சட்டம் சொல்வது அடிப்படை உடல்நல, பாதுகாப்புத் தேவைகளை மட்டும். பொம்மையின் துண்டு குழந்தையின் தொண்டையில் சிக்கக் கூடாது என்பது சட்டம். எந்த அளவுத் துண்டு, எப்படிச் சோதிப்பது என்பது தரநிலை. அந்தத் தரநிலையை எழுதுவது சென், செனலெக் போன்ற ஐரோப்பியத் தரநிலை அமைப்புகள். அதைப் பின்பற்றுவது விருப்பம். பின்பற்றினால் சட்டத்துக்கு இணங்கியதாக எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் வேறு வழியில் நிரூபிக்கும் பாரம் தயாரிப்பாளர் தலையில். இதற்கு ‘இணக்க அனுமானம்’ சரியாக வரும் என்று நினைக்கிறேன். ‘அனுமானம்’ சட்டத் தமிழில் ஏற்கெனவே உள்ளது. ஆக, கட்டுப்படுத்துவது விதி, வழிகாட்டுவது தரநிலை.

இதே காரணத்தால், பொருள்களின் மேல் காணும் ‘CE’ என்ற சிஇ குறியை ‘தர முத்திரை’ என்று எழுதியிருப்பதையும் மாற்ற வேண்டும். அது தரத்துக்கு யாரோ கொடுத்த பரிசு கிடையாது. பொருள் சட்டத் தேவைகளுக்கு இணங்குகிறது என்று தயாரிப்பாளர் தன் பொறுப்பில் ஒட்டும் குறி. பல பொருள்களில் வெளியார் யாரும் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். ‘இணக்கக் குறி’ போதும்.

மிச்சமிருப்பது ‘நோட்டிஃபைடு பாடி’. ஆபத்து கூடிய பொருள்களில் தயாரிப்பாளர் சொல் மட்டும் போதாது. இந்தப் பெயருள்ள வெளி அமைப்பினரும் பார்த்துச் சான்று தர வேண்டும். உறுப்பு நாடு இவர்களின் பெயரை ஐரோப்பிய ஆணையத்துக்கு அறிவிப்பதால் அந்தப் பெயர். ‘அறிவிக்கப்பட்ட அமைப்பு’ என்று போட்டால் யார் யாருக்கு எதை அறிவித்தார்கள் என்று வாசகர் விழிப்பார். பிரெஞ்சு நிறுவனம் ஒன்று மார்பகப் பதியங்களில் (இம்ப்ளான்ட்) தொழிற்சாலைத் தர சிலிக்கோனைப் போட்டது 2010-இல் வெளிவந்தபோது எல்லாரும் கேட்ட கேள்வி, சான்று தந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதுதான். அன்றிருந்த மருத்துவக் கருவிச் சட்டப்படி, சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சோதிக்க வேண்டிய பொதுவான கடமை இவர்களுக்குக் கிடையாது, சந்தேகத்துக்குச் சான்று இருந்தால் மட்டும் விழிப்போடு செயல்பட வேண்டும் என்று 2017-இல் நீதிமன்றம் சொன்னது. இவர்களை ‘கண்காணிப்பு அமைப்பு’ என்றோ ‘ஆய்வாளர்’ என்றோ மொழிபெயர்த்தால் சட்டம் சொல்வதற்கு மேலான கடமையை நாம் அவர்கள் மேல் ஏற்றிவிடுவோம். ‘நியமனச் சான்றமைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் நிற்கவில்லை. சட்டத்துறையில் இருப்பவர்கள் யாராவது இதற்கு ஒரு வழி சொல்லுங்கள். மற்றவற்றை இந்த வாரமே பட்டியலில் ஏற்றிவிடலாம்.