19 மாதக் குழந்தைக்குப் பல் துலக்கிவிடத் துணியா, ரப்பர் விரலுறையா, பிரஷ்ஷா?

அரைத்தூக்க அப்பா எழுதியது:

மகளுக்கு 19 மாதம். 12 பற்கள். மேலே முன்னால் நான்கு, கீழே நான்கு, உள்ளே தள்ளிக் கடைவாயில் நான்கு. நடுவில் கோரைப்பல் வரவேண்டிய இடங்கள் இன்னும் காலியாக இருக்கின்றன. வாயைத் திறக்கவைத்து எண்ணியதாக நினைக்கவேண்டாம், என் ஆள்காட்டி விரலில் பதிந்த தடத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

மனைவிக்கு வேலை நேரம் ஒத்துவராததால் இரண்டு வேளையும் பல் துலக்கும் பொறுப்பு என்னுடையது. மூன்று வழிகளிலும் தோற்றுவிட்டேன். முதலில் ஈரத்துணி. முன்பல்லைத் துடைக்க முடிந்தது, ஆனால் கடைவாய்ப் பல்லின் குழிகளில் துணி இறங்கவில்லை. பிறகு விரலில் மாட்டிக்கொள்ளும் சிலிக்கான் உறை. போன வாரம் பார்த்தால் அதன் நுனியில் இருந்த சின்ன முட்களில் இரண்டைக் காணோம். கடித்து விழுங்கியிருக்கிறாள். அன்றே குப்பைத் தொட்டிக்குப் போனது. மூன்றாவது, குழந்தைகளுக்கான நைலான் பிரஷ். கையில் கொடுத்தால் வாயில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் நடக்கிறாள். நான் வாங்கித் துலக்கப்போனால் உதட்டை இறுக்கிக்கொண்டு அலறுகிறாள். நேற்றிரவு மேல்வரிசையைத் தேய்த்து முடித்தபோது பிரஷ்ஷில் ஒரு புள்ளி இரத்தம். வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பற்பசையிலும் குழப்பம்தான். வீட்டில் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு இல்லை, விழுங்கினாலும் ஒன்றும் ஆகாது என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) ஃப்ளூரைடு, விழுங்கக்கூடாது என்று போட்டிருக்கிறது. இவளுக்குத் துப்பவே தெரியாது, வாய்க்குள் போனதெல்லாம் வயிற்றுக்குத்தான். என் அக்காவோ, தன் மகனுக்கு இரண்டு வயது வரை ஃப்ளூரைடு வேண்டாம் என்றுதான் மருத்துவர் சொன்னார் என்கிறாள். அவனுக்கு இப்போது மீசை அரும்பிவிட்டது. யார் சொல்வதைக் கேட்பது?


இரட்டையர் தாய் எழுதியது:

தம்பி, குழந்தையை எதிரில் நிற்கவைத்துக்கொண்டு துலக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் அவளுக்குத் தெரிவது தன்னை நோக்கி வரும் ஒரு குச்சி மட்டும்தான். நானும் ஆறு மாதம் இப்படித்தான் மல்லுக்கட்டினேன், அதுவும் இரண்டு பேரோடு.

தரையில் உட்கார்ந்து, அவள் தலை உங்கள் மடியிலும் கால்கள் உங்களுக்கு எதிர்த்திசையிலும் இருக்கும்படி மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலை தானாக லேசாகப் பின்னால் சாய்ந்து வாய் திறந்துகொள்ளும், மேல்வரிசையும் தெரியும். வீட்டில் இன்னொருவர் இருந்தால் இருவரும் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்துகொள்ளலாம். தலை உங்கள் பக்கம், கால்கள் அவர் பக்கம், கைகளை அவர் பிடித்துக்கொள்வார். அழுவார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அழும்போது வாய் நன்றாகத் திறந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


நாற்காலிக்குப் பின்னால் எழுதியது:

குழந்தைகளுக்கான பல் மருத்துவம் என் தொழில். பார்க்காமல் நோய் சொல்ல முடியாது, பொதுவாகச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

முதலில் அந்த இரத்தப் புள்ளி. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். நடு முன்பற்கள் இரண்டுக்கும் மேலே, உதட்டின் உட்புறத்தையும் ஈறையும் இணைத்தபடி மெல்லிய சவ்வு ஒன்று தெரியும். இந்த வயதில் அது பல்லுக்கு மிக அருகில் இறங்கியிருக்கும். பிரஷ் அதில் இடித்தால் சுருக்கென்று வலிக்கும். பிரஷ்ஷைக் கண்டாலே பிள்ளைகள் உதட்டை இறுக்குவதற்குப் பல நேரம் காரணம் அதுதான். பெற்றோர்கள் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஆள்காட்டி விரலை உதட்டுக்கு அடியில் படுக்கைவாட்டில் வைத்து அந்தச் சவ்வை மூடிக்கொள்ளுங்கள். விரலுக்குக் கீழே பிரஷ் போகட்டும். சவ்வு காயப்படாமல் ஈறோரத்தில் மட்டும் இரத்தம் வந்தால் விஷயம் வேறு. அங்கே கிருமிப் படிவு தங்கி ஈறு வீங்கியிருக்கலாம், அதற்கு மருந்து இன்னும் நன்றாகத் துலக்குவதுதான். ஒரு வாரம் ஒழுங்காகத் துலக்கிய பிறகும் நிற்காவிட்டால் நேரில் காட்டுங்கள்.

துணி, முதல் பல் முளைக்கும் வரை ஈறைத் துடைக்கப் போதும். கடைவாய்ப் பல் வந்துவிட்ட குழந்தைக்கு மென்மையான இழையும் சின்னத் தலையும் உள்ள பிரஷ்தான் வேண்டும். கடிக்கிற வயதில் விரலுறை எனக்குப் பிடிப்பதில்லை. உறை கிழியும், உங்கள் விரலும் கிழியும். கரித்தூள் கலந்த பொடிகளும் பசைகளும் பக்கத்திலேயே வேண்டாம். பால் பல்லின் எனாமல், அதாவது மேலுள்ள கடினமான உறை, நிரந்தரப் பல்லின் எனாமலைவிட மெல்லியது, உராய்வைத் தாங்காது.

இழைகளில் பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி பிரஷ்ஷைச் சாய்த்து, இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசையுங்கள். அழுத்தவேண்டாம். பென்சிலைப் பிடிப்பதுபோல் விரல் நுனிகளால் பிடித்தால் அழுத்தம் தானே குறையும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், 12 பல்லும் தொடப்பட்டனவா என்று பாருங்கள்.

பற்பசையைப் பொறுத்தவரை உங்கள் அக்காவுக்குக் கிடைத்த ஆலோசனை அந்தக் காலத்தில் வழக்கமானதுதான். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2014-இல் தன் பரிந்துரையை மாற்றி, முதல் பல் வந்ததிலிருந்தே ஃப்ளூரைடு பற்பசை போடலாம், ஆனால் மூன்று வயது வரை ஓர் அரிசி அளவுதான் என்றது. மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. கணக்கைப் பாருங்கள்: ஓர் அரிசி அளவு என்பது ஏறத்தாழ 0.1 கிராம் பசை. 1000 பிபிஎம் என்றால் அதில் 0.1 மில்லிகிராம் ஃப்ளூரைடு. இரண்டு வேளையும் முழுவதையும் விழுங்கினாலும் 0.2 மில்லிகிராம்தான். அவசர சிகிச்சைக்கு ஓடவேண்டிய அளவு என்று நாங்கள் கொள்வது உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம். உங்கள் மகள் 10 கிலோ என்றால் 50 மில்லிகிராம், அதாவது 50 கிராம் பசை. ஒரு ட்யூபே அவ்வளவு இருக்கலாம். பிரஷ்ஷில் இருப்பதற்கு அஞ்சவேண்டாம், அலமாரியில் இருக்கும் ட்யூபுக்கு அஞ்சுங்கள். இனிப்பு மணம் வேறு வரும். எட்டாத உயரத்தில் வையுங்கள்.

அளவு மீறுவதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நிரந்தர முன்பற்களின் எனாமல் இந்த வயதில்தான் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கிறது. நாள்தோறும் அதிகமாக ஃப்ளூரைடு விழுங்கினால் பின்னால் முளைக்கும் அந்தப் பற்களில் வெள்ளைத் திட்டுகள் வரலாம். ஆகவே இழைகளின் நீளம் முழுக்க நாடாபோல் பசையைப் பிதுக்காதீர்கள், அது விளம்பரத்துக்காகச் செய்வது. துலக்கியபின் வாயைக் கொப்பளிக்கவேண்டாம், வழிவதைத் துணியால் ஒற்றிவிட்டால் போதும்.

கடைசியாக, வாயில் பிரஷ்ஷோடு நடப்பதை இன்றே நிறுத்துங்கள். தடுக்கி விழுந்து பிரஷ் மேலண்ணத்தில் குத்திக் காயமான பிள்ளைகளுக்கு நான் தையல் போட்டிருக்கிறேன். உட்கார்ந்தால்தான் பிரஷ், எழுந்தால் பிரஷ் இல்லை.


பேரனின் சாரதி எழுதியது:

எல்லாம் சரி டாக்டர். எப்படியும் விழப்போகிற பல்லுக்கு இவ்வளவு பாடு படவேண்டுமா? நாங்கள் பெற்ற மூன்று பேரும் இப்படியெல்லாம் வளரவில்லை.


நாற்காலிக்குப் பின்னால் எழுதியது:

ஐயா, முன்பற்கள் ஆறு ஏழு வயதில் விழும், உண்மைதான். கடைவாயில் உள்ள பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்கும். அவை சொத்தையாகிச் சீக்கிரம் போனால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும், அடியில் காத்திருக்கும் நிரந்தரப் பல்லுக்கு வழி இருக்காது. இதையெல்லாம் விடுங்கள். இரண்டு வயதுக் குழந்தை பல்வலியில் இரவு முழுதும் அழுவதை ஒருமுறை பார்த்தால் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டீர்கள்.


பேரனின் சாரதி எழுதியது:

கேட்கமாட்டேன். என் நடுமகன் அழுதிருக்கிறான், இப்போது நினைவு வருகிறது.


அரைத்தூக்க அப்பா எழுதியது (12 நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மடியில் படுக்கவைத்து உதட்டைத் தூக்கினால், டாக்டர் சொன்ன அந்தச் சவ்வு அப்படியே இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சிவந்த கீறல். நான் போட்டதுதான். இத்தனை நாளாக அவள் அலறியதன் காரணம் அங்கே ஒரு நூல் அளவில் இருந்தது, நான் என்னவோ அவளுக்குப் பிரஷ் நிறம் பிடிக்கவில்லை என்று மூன்று நிறத்தில் வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் அந்த இடத்தை ஈரத்துணியால் மட்டும் ஒற்றினேன். பிறகு விரலை வைத்து மூடிக்கொண்டு துலக்கினேன். மூன்றாம் நாள் முனகல். ஐந்தாம் நாள் முனகலும் இல்லை, என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். அதை வெற்றி என்றே வைத்துக்கொண்டேன்.

உதட்டைத் தூக்கியதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மேல் நடுப்பற்கள் இரண்டிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் வெள்ளை. துலக்கினாலும் போகவில்லை. குழந்தைகள் பல் மருத்துவரிடம் காட்டினோம். குழி விழுவதற்கு முந்தைய நிலையாம், இப்போதே பிடித்தால் திரும்பிவிடும் என்று சொல்லி ஃப்ளூரைடு வார்னிஷ் பூசினார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரவுத் தூக்கத்தில் பால் புட்டி கொடுக்கிறீர்களா என்று அவர் கேட்டதும் நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தூங்கும்போது எச்சில் குறைவாகச் சுரக்குமாம், பால் மேல்பல்லிலேயே தேங்குமாம். கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடுவதால் அவை தப்பித்திருக்கின்றன. முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை வந்திருக்கவேண்டும் என்று திட்டும் வாங்கினோம்.

இப்போது பால் குடித்தபின் துலக்கல், அதன்பின் தண்ணீர் மட்டும். முதல் மூன்று இரவுகளை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

ஒரே ஒரு சந்தேகம் மீதி. கோரைப்பல் வரும் இடத்தில் ஈறு உப்பிச் சிவந்திருக்கிறது. அங்கே துலக்குவதா, விடுவதா?


நாற்காலிக்குப் பின்னால் எழுதியது:

அந்த மேட்டின் மீது பிரஷ்ஷை லேசாக ஓட்டுங்கள், பசை தேவையில்லை. சில பிள்ளைகளுக்கு அது அரிப்பு அடங்கியதுபோல் சுகமாகக்கூட இருக்கும். வலிக்கிறது என்று தெரிந்தால் பிரஷ்ஷை வைத்துவிட்டு, குளிர்ந்த ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள். மரத்துப்போகச் செய்யும் ஜெல் எதையும் தடவவேண்டாம். பென்சோகெயின் உள்ளவை இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆபத்து, இரத்தம் ஆக்ஸிஜன் சுமக்கும் திறனையே குறைத்துவிடும்.


இரட்டையர் தாய் எழுதியது:

தம்பி, கோரைப்பல் வந்தபின் விரலை எடுக்கும் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.