டிவிடி பிளேயரை மடிக்கணினியுடன் இணைப்பது எப்படி?

மல்லாவி மகள்:
வணக்கம். 2009 இடப்பெயர்வில் எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் தொலைந்துவிட்டன. அம்மாவின் கலியாண வீடியோவின் பிரதியொன்று கனடாவிலுள்ள பெரிய மாமாவிடம் இருந்ததால், அவர் அந்தக் கசற்றை அங்கேயே இறுவட்டுகளுக்கு மாற்றி அனுப்பியிருக்கிறார். வீட்டு டிவிடி பிளேயரில் அவை நன்றாக ஓடுகின்றன. அம்மம்மா பாடுகிற பகுதியும் அதிலே இருப்பதால், அனைத்தையும் மடிக்கணினியில் சேமித்து வைக்க விரும்புகிறேன். கணினியில் இறுவட்டுப் போடும் இடம் இல்லை. பிளேயரின் எச்டிஎம்ஐ வயரைக் கணினியில் செருகியபோது திரையில் எதுவுமே வரவில்லை. பிளேயரின் முன்பக்கத்திலுள்ள யூஎஸ்பி வழியாக இணைக்கலாமா?

மாங்குளம் திருத்துநர்:
தங்கச்சி, உங்கள் வயரிலோ பிளேயரிலோ பழுதில்லை. மடிக்கணினிகளிலுள்ள எச்டிஎம்ஐ துளை, ஏறத்தாழ எல்லாவற்றிலும், படத்தை வெளியே அனுப்புவதற்கு மட்டுமே உரியது. பிளேயரும் அனுப்புகிறது, கணினியும் அனுப்புகிறது, வாங்குவதற்கு ஆளில்லை. பிளேயரின் யூஎஸ்பி, பென் டிரைவிலுள்ள பாட்டையும் படத்தையும் படிப்பதற்காக வைக்கப்பட்டது; அதைக் கணினியுடன் நேரே கோர்க்க முயல வேண்டாம்.

பிளேயரின் பின்புறத்திலுள்ள மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து வயர் எடுத்து, யூஎஸ்பி வீடியோ கப்சர் எனும் சிறு கருவி வழியாகக் கணினிக்குள் பதியலாம். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. ஆனால் இரண்டு மணி நேரப் படத்துக்கு இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். படத்தின் தெளிவும் குறையும்.

ஒட்டுசுட்டான் ஆசிரியர்:
நான் பிளேயரை இணைக்கவே சொல்லமாட்டேன். யூஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் ஒன்றை வாங்குங்கள், அல்லது யாரிடமாவது இரவல் பெறுங்கள். இறுவட்டைப் போட்டுத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' என்ற கோப்புறை தெரியும். அதற்குள் இருப்பவற்றில் ஒன்றையும் விடாமல், கோப்புறையை அப்படியே பிரதி செய்யுங்கள். படமும் ஒலியும் இறுவட்டில் உள்ளபடியே வரும், எதுவும் குறையாது. விஎல்சி மென்பொருளில் அந்தக் கோப்புறையைத் திறந்து பார்க்கலாம். சாதாரண ஒற்றை அடுக்கு இறுவட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி என்பதால், 32 ஜிபி பென் டிரைவில் ஆறு இறுவட்டுகள் அடங்கும்.

வீட்டில் பதியும் இறுவட்டில் படம் தங்குவது ஒருவகைச் சாயப்படலத்தில். எங்கள் பக்கத்து வெயிலும் வெக்கையும் அதைக் கெடுக்கக்கூடியவை. ஆகவே இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பிரதியையும் இரண்டு இடங்களில் வையுங்கள்.

மல்லாவி மகள்:
மிக்க நன்றி ஐயா, நன்றி அண்ணா. டிரைவ் கிடைத்தது, மற்றவை பிரதியாகிவிட்டன. ஓர் இறுவட்டு மட்டும் இடையில் நின்றுவிடுகிறது, ஆனால் பிளேயரில் அது கடைசி வரை ஓடுகிறது.

மாங்குளம் திருத்துநர்:
முதலில் அதை மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பதிவின் வழியிலேயே நீளமாக அமைந்து, டிரைவுக்கு இன்னும் சிரமத்தைக் கொடுக்கும். வேறொரு டிரைவிலும் போட்டுப் பாருங்கள், ஏனெனில் ஒன்றில் நின்றது இன்னொன்றில் ஓடுவதுண்டு.

அப்படியும் நின்றால், அந்த ஒன்றுக்கு மட்டும் கப்சர் கருவியைப் பயன்படுத்துங்கள். கனடாவில் பதிந்தது என்பதால் அது அநேகமாக என்டிஎஸ்சி (NTSC) எனும் வீடியோ முறையில் இருக்கும். எங்கள் நாட்டு வழக்கம் 'பால்' (PAL) எனும் வேறொரு முறை. பிளேயரின் அமைப்புப் பட்டியலிலும் பதியும் மென்பொருளிலும் என்டிஎஸ்சி என்றே தெரிவு செய்யுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், அல்லது மேலும் கீழுமாக உருளும். ஓபிஎஸ் ஸ்டூடியோ எனும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, பதிவதற்கு அதுவே போதும். அம்மம்மாவின் பாட்டு அந்த இறுவட்டில்தான் இருக்கிறதென்றால், முழுவதையும் தொடங்குமுன் ஒரு நிமிடம் மட்டும் பதிந்து, ஒலி சரியாக விழுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்; சிவப்பும் வெள்ளையும் இறுகச் செருகப்படாததால் ஊமைப் படமாகப் பதிந்தவற்றை என்னிடம் பலர் கொண்டுவந்திருக்கிறார்கள்.