வேர்ட்ஸ்டார் 4 கற்றுக்கொள்ள எங்கிருந்து தொடங்குவது?

யீஷூன் பையன்:
பெரியப்பா எண்பதுகளின் கடைசியில் ஒரு சங்கத்துக்குச் செயலாளராக இருந்தார். கூட்டக் குறிப்புகள், கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுதும் மென்பொருளில் அடித்தவை. அவருடைய கம்ப்யூட்டரும் ஒரு பெட்டி ஃபிளாப்பியும் இப்போது எங்கள் வீட்டு ஸ்டோர் ரூமில் இருக்கின்றன. ஆன் செய்தால் வேர்ட்ஸ்டார் 4 திறக்கிறது, ஆனால் மவுஸ் கிடையாது, மெனு முழுக்க தொப்பிக் குறியும் (^) ஓர் எழுத்தும்தான். அவர் உட்கார்ந்து எழுதிய மாதிரியே நானும் அதில் எழுதிப் பழக ஆசைப்படுகிறேன். இன்னொன்று, நண்பர் சில ஃபைல்களை யூஎஸ்பிக்கு மாற்றித் தந்தார், அதை நோட்பேடில் திறந்தால் நிறையச் சொற்களில் கடைசி எழுத்து மட்டும் வேறு ஏதோ குறியாக வருகிறது. ஃபிளாப்பி கெட்டுப்போய்விட்டதா?

பழைய டைப்பிஸ்ட்:
தம்பி, மெனுவைப் பார்த்து மனப்பாடம் செய்யாதீர்கள், அது வேலைக்கு ஆகாது. ஷென்டன் வேயில் ஷிப்பிங் ஆபீஸில் இருந்தபோது புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த வழி இதுதான்: முதலில் இடது கை.

விசைப்பலகையில் எஸ், டி, ஈ, எக்ஸ் நான்கும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஈ மேலே, எக்ஸ் கீழே, எஸ் இடது, டி வலது. கண்ட்ரோலை (மெனுவில் வரும் தொப்பிக் குறி இதுதான்) அழுத்திக்கொண்டு ஈ தட்டினால் கர்சர் மேலே போகும், எக்ஸ் தட்டினால் கீழே, மற்ற இரண்டும் அப்படியே. இன்னும் ஓர் எழுத்து வெளியே தள்ளிப் போங்கள்: இடது ஓரத்து ஏ ஒரு சொல் பின்னால் போகும், வலது ஓரத்து எஃப் ஒரு சொல் முன்னால். முன்னால் கண்ட்ரோல்-கியூ சேர்த்தால் எல்லாமே தூரமாகப் போகும், கியூ-எஸ் வரியின் தொடக்கம், கியூ-டி வரியின் முடிவு. அம்புக்குறி விசைகளும் வேலை செய்யும், ஆனால் அதற்குக் கையைத் தூக்க வேண்டும், வேகம் போய்விடும். அந்தக் காலத்து ஐபிஎம் பிசி விசைப்பலகையில் கண்ட்ரோல் ஏ-வுக்குப் பக்கத்திலேயே இருந்தது, சுண்டு விரல் தானாகப் போய் உட்காரும். இப்போதைய விசைப்பலகையில் பழகினால் கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

கை பழகியதும் கண்ட்ரோல்-கே-க்கு வாருங்கள், பத்திகளைப் பிடித்து வேலை செய்வதெல்லாம் அதில்தான். தொடக்கத்தில் கே-பி (பஸ்ஸில் வரும் பி), முடிவில் கே-கே, கர்சரை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய் கே-வி தட்டினால் பத்தி நகரும், கே-சி என்றால் நகல் விழும். கே-எஸ் சேமிக்கும், கே-டி சேமித்து மூடும். நடுவில் சொல் சேர்த்தால் பத்தி தானாக ஒழுங்காகாது, கண்ட்ரோலும் அதே பஸ் பி-யும் தட்ட வேண்டும். இதை யாரும் முதலில் சொல்வதில்லை, அதனால்தான் புதியவர்கள் வரி உடைந்துவிட்டது என்று பயந்துபோகிறார்கள்.

டாஸ் பிரியர்:
ஃபைல் கெடவில்லை. வேர்ட்ஸ்டார் 4 வரைக்கும் டாக்குமென்ட் முறையில் தன் வடிவமைப்புக் கணக்குக்காக எழுத்தின் எட்டாவது பிட்டை (ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட் போதும், மீதி இருப்பது இது) எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் சொல்லின் கடைசி எழுத்தில். ஒவ்வொரு பைட்டிலும் அந்த பிட்டை நீக்கிவிட்டால் சுத்தமான ஆங்கிலம் வந்துவிடும், சின்ன பைத்தான் நிரல் போதும்.

ஆனால் பெரியப்பாவின் மூல ஃபிளாப்பியை வேர்ட்ஸ்டாரில் நேராகத் திறக்காதீர்கள், தயவுசெய்து. சேமிக்கும்போது பழைய படியை பேக்கப் ஆக்கி அதே வட்டிலேயே எழுதும், அழிந்த ஃபைல் ஏதாவது மீட்கக் கிடந்தால் அதன் மேலேயே எழுதிவிடலாம். வட்டில் எதுவும் எழுதப்படாமல் தடுக்க, ஐந்தே கால் அங்குல வட்டு என்றால் ஓரத்தில் உள்ள வெட்டை டேப் ஒட்டி மூடுங்கள், மூன்றரை என்றால் மூலையில் உள்ள ஓட்டை திறந்திருக்க வேண்டும். வட்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் டிரைவில் போடவே கூடாது. நம் சிங்கப்பூர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும், டிரைவின் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த வட்டையும் கெடுத்துவிடும்.

செங்காங் அக்கா:
பைத்தானில் மாற்றிப் படித்தால் விஷயம் முடிந்தது, பழைய விசைகளைக் கற்று என்ன செய்யப் போகிறீர்கள்? நேர விரயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பழைய டைப்பிஸ்ட்:
படிக்க மட்டும் என்றால் சரிதான். தம்பி எழுதிப் பழக வேண்டும் என்கிறாரே. கை விசைப்பலகையை விட்டு நகராமல் ஒரு பக்கத்தைத் திருத்தி முடிப்பது தனி சுகம், செய்து பார்த்தால் தெரியும். லினக்ஸில் ஜோ எடிட்டரோடு ஜேஸ்டார் வருகிறது, விசைகள் ஏறக்குறைய இதேதான், எனவே கற்றது வீண் போகாது.

யீஷூன் பையன்:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கேப்ஸ் லாக்கை மாற்றிவிட்டேன், ஈ-எக்ஸ் இப்போதே கையில் வருகிறது. தமிழ்க் கடிதங்கள் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கின்றன, அப்போது இதில் தமிழ் அடிக்கவே முடியாதா?

டாஸ் பிரியர்:
வேர்ட்ஸ்டாரில் நேராக முடியாது. பின்னால் வந்த பல தமிழ் எழுத்துருக்கள் எழுத்து அட்டவணையில் எட்டாவது பிட் தேவைப்படும் 128-க்கு மேற்பட்ட இடங்களைப் பிடித்துக்கொண்டன, வேர்ட்ஸ்டார் தனக்கென்று எடுத்துக்கொண்டதும் அதே எட்டாவது பிட்தான். இங்கே கணினியில் தமிழ் எழுதும் சிக்கலைக் கையில் எடுத்தவர்களில் நா. கோவிந்தசாமி முக்கியமானவர், தமிழ்நெட் 97 மாநாடு சிங்கப்பூரில் நடந்ததும் அந்த முயற்சிகளின் தொடர்ச்சிதான். பெரியப்பாவின் தமிழ்க் கடிதங்களை ஸ்கேன் செய்து வையுங்கள், ஃபிளாப்பிக்கு வரும் பூஞ்சை காகிதத்துக்கும் வரும்.